விதியை மாற்றினால் ஏமாற்றா?

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். கணக்கில் 38 மதிப்பெண். வீட்டில் எந்நேரமும் பகடையை உருட்டி, தானே உருவாக்கிய கிரிக்கெட் ஆடுகிறான். இரண்டு அணிக்கும் அவனே ஆள். நோட்டு நோட்டாக ஸ்கோர். அதிலும் ஏமாற்று வேலை: ஐந்து விழுந்தால் அவுட் என்று முதலில் வைத்திருந்தான். எல்லாரும் சீக்கிரம் அவுட் ஆகிறார்கள் என்று, ஐந்து விழுந்தபின் இன்னொரு முறை உருட்டி ஒற்றைப்படை வந்தால்தான் அவுட் என்று மாற்றிக்கொண்டான். ‘சகுனி’ என்று திட்டி, பகடையைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டேன். சூதாட்டத்தில் கொண்டுபோய் விடும் என்று மாமியாரும் பயப்படுகிறார். கணக்கு ட்யூஷனில் சேர்க்கலாமா?

பதில்: சகோதரி, விளையாட்டுச் சாமானைப் பூட்டி வைத்த கதை எனக்குப் புதிதல்ல. நான் நின்றது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில். விதியை மாற்றினானாம். அது ஏமாற்றாம்.

யாரை ஏமாற்றினான்? இரண்டு பக்கமும் அவனேதான் உருட்டுகிறான். புது விதி இரண்டு பக்கத்துக்கும் பொது. இதில் லாபம் யாருக்கு?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பகடைக்கு ஆறு முகம். ஐந்து விழுந்தால் அவுட் என்றால் சராசரியாக ஆறு பந்துக்கு ஒரு விக்கெட். பத்து விக்கெட்டும் 60 பந்தில், அதாவது பத்து ஓவருக்குள் காலி. மறுபடி உருட்டி ஒற்றைப்படை வந்தால்தான் அவுட் என்றால் வாய்ப்பு பாதியாகிறது: பன்னிரண்டு பந்துக்கு ஒரு விக்கெட். பத்து விக்கெட்டுக்கு 120 பந்து. சரியாக இருபது ஓவர்! சூத்திரம் போட்டு இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டான். ஆட்டம் ஆட்டமாக எழுதி வைத்ததைப் பார்த்து, நிஜ மேட்ச் மாதிரி இல்லையே என்று பட்டிருக்கும். பட்டதும் எங்கே திருத்த வேண்டும் என்று தேடியிருக்கிறான். நிகழ்தகவு என்று பெரிய வகுப்பில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்களே, அதன் வாசலில் பத்து வயதுப் பிள்ளை தானாகப் போய் நிற்கிறான். நீங்கள் சகுனி என்கிறீர்கள்.

அந்த நோட்டைத் திறந்து பார்த்தீர்களா? ‘நோட்டு நோட்டாக’ என்று எழுதியவர், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதவில்லை. பார்த்திருக்கமாட்டீர்கள். மதிப்பெண் பட்டியலைத் துருவிப் பார்க்கும் பெற்றோருக்கு, பிள்ளை யாரும் சொல்லாமல் எழுதிய கணக்கைப் பார்க்கும் கடமையும் உண்டு. இதில் நான் இம்மியும் இறங்கி வர மாட்டேன். அவன் அப்பாவைப் பற்றிக் கடிதத்தில் பேச்சே இல்லை. இத்தனை பேர் இருக்கிற வீட்டில் ஒரு குழந்தை இரண்டு அணிக்கும் தனியாக ஆடுகிறது என்றால், வெட்கப்பட வேண்டியது அந்தக் குழந்தை அல்ல.

மாமியாரிடம் சொல்லுங்கள்: பணயம் வைத்தால்தான் சூது. இங்கே பணயம் எதுவும் இல்லை. பந்தயப் பணத்தைப் பங்கிடும் கணக்கைப் பற்றி 1654-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவு ஒரு கணிதமாக வளர்ந்தது. (இதைக் கேட்டு அவர் சமாதானம் ஆவார் என்று நான் உத்தரவாதம் தரவில்லை.)

இன்றே பகடையைத் திருப்பிக் கொடுங்கள். சகுனி என்றது தப்பு என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பிறகு நீங்களோ அவன் அப்பாவோ எதிரணி கேப்டனாக உட்காருங்கள். ஸ்கோர் அவன் எழுதட்டும். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 4.3 ஓவரில் 72 ரன், ரன் ரேட் என்ன? 4.3-ஆல் அப்படியே வகுத்தால் 16.74 வரும், தப்பு. 4.3 ஓவர் என்பது 27 பந்து, நாலரை ஓவர். 72-ஐ 4.5-ஆல் வகுத்தால் 16. புள்ளிக்குப் பின்னால் இருப்பது பத்தில் மூன்றா, ஆறில் மூன்றா என்று அவன் யோசித்துத் திணறினால் திணறட்டும், நீங்கள் முந்திக்கொண்டு விடை சொல்லாதீர்கள். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உருட்டலுக்கு ஒரு கேள்வி என்று ஆரம்பித்தால் ஆட்டம் பாடமாகிவிடும், அவனும் எழுந்து போய்விடுவான்.

வீட்டுப்பாடம் முடித்த பிறகுதான் ஆட்டம் என்பதில் மட்டும் கறாராக இருங்கள். அது அவன் கடமை.

ட்யூஷன் விஷயம். முதலில் அவன் விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். விடை சரியாக இருந்து, படிகளை எழுதாததால் மதிப்பெண் போயிருந்தால் ட்யூஷன் தேவையில்லை. தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து எழுதவையுங்கள். பின்னமோ வகுத்தலோ அடியோடு புரியவில்லை என்றால் சேருங்கள், அந்த நேரத்தை டிவி நேரத்திலிருந்து எடுங்கள்.