போர்ஷ் குடித்த மறுநாள் சிறுநீர் சிவந்தால்...

கேள்வி: வயது 34. வார்சாவில் வேலை. வீட்டுக்காரப் பாட்டி உக்ரைன்காரர். ஞாயிறுதோறும் போர்ஷ் என்கிற பீட்ரூட் சூப் வைத்துக் கொடுப்பார். போன வாரம் இரண்டு கிண்ணம் குடித்தேன். மறுநாள் காலை சிறுநீர் ரோஸ் நிறத்தில் போனது. வலி இல்லை. 3 வருடத்துக்கு முன் சிறுநீரகக் கல் வந்தது. இது ரத்தமா டாக்டர்? இனி குடிக்கலாமா? நானே வைத்துப் பார்க்கவும் ஆசை.

பதில்: பெரும்பாலும் பீட்ரூட்டின் வேலைதான். அதிலுள்ள சிவப்பு நிறமி சிலருக்குச் சிதையாமல் சிறுநீரில் இறங்கிவிடும். நூறு பேரில் 10 முதல் 14 பேருக்கு இப்படி ஆகும். இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் கூடுதல். களைப்பு இருந்தால் ஹீமோகுளோபினும் பாருங்கள்.

ஆனால் கல் வந்தவர் என்பதால் ஊகத்தோடு விட மாட்டேன். இரண்டு நாள் பீட்ரூட் வேண்டாம். நிறம் தெளிந்தாலும் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். சிவப்பணுக்கள் தெரிந்தாலோ, விலாவில் வலி வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

அது என்ன வகைக் கல் என்று சொன்னார்களா? கால்சியம் ஆக்சலேட் என்றால் கவனம் வேண்டும். அந்தக் கல்லை உண்டாக்கும் ஆக்சலேட் பீட்ரூட்டில் அதிகம். வாரம் ஒரு கிண்ணத்தோடு நிறுத்துங்கள். மேலே பாட்டி போடும் புளித்த கிரீமை ஒதுக்காதீர்கள். அதிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடும். தயிரும் அதைச் செய்யும். நாளுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். நான்கு பேருக்கு நடுத்தர பீட்ரூட் ஒன்று போதும். கோஸ், கேரட், உருளை தாராளமாக. எலும்பு வேகவைத்த தண்ணீரில் உருளையைப் போடுங்கள். பீட்ரூட்டைத் துருவி, வெங்காயம், கேரட், தக்காளியோடு தனியாக வதக்கி, ஒரு ஸ்பூன் வினிகர் விடுங்கள். புளிப்பு இல்லாவிட்டால் சிவப்பு மங்கி மண் நிறமாகிவிடும். உருளை வெந்ததும் இதையும் கோஸையும் சேர்த்து, இறக்கும்போது நசுக்கிய பூண்டும் சதகுப்பை (டில்) இலையும். கறி வேண்டாம் என்றால் வேகவைத்த பீன்ஸ் விதை; உக்ரைனில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு போர்ஷில் கறியே இருக்காது. உப்பு மட்டும் குறைவாக. அது கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும்; அது கல்லுக்கு வழி. சூப் கியூப் வேண்டவே வேண்டாம்.

மீன் குழம்பு மாதிரி இதுவும் மறுநாள்தான் ருசி. போருக்கு நடுவே, 2022-ல், உக்ரைனின் போர்ஷ் சமையலை அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. பாட்டியிடம் கேட்டால் மேலும் சொல்வார். பரிசோதனைக்கு முந்தைய ஞாயிறு மட்டும் அவரிடம் லீவு சொல்லிவிடுங்கள்.