வங்கியிலிருந்து நாடாளுமன்றத்துக்கு: ராஜினாமா இப்போது வேண்டாம்

கேள்வி: டர்பனில் ஒரு தனியார் வங்கியின் வணிகக் கடன் பிரிவில் மேலாளராக இருக்கிறேன். 2029 பொதுத் தேர்தலில் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட ஆசை. இப்போதே வேலையை விட்டுவிட வேண்டுமா?
– சாட்ஸ்வர்த் வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 47ஆம் பிரிவு, அரசுப் பணியில் சம்பளம் வாங்குபவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது என்கிறது. அவர்கள்கூட வேட்பாளராக நிற்கலாம். தனியார் வங்கி ஊழியரான உங்களைக் கட்டுப்படுத்துவது வேலை ஒப்பந்தமும் வங்கியின் நடத்தை விதிகளும்தான். கட்சிப் பொறுப்பு எதையும் ஏற்குமுன் வங்கி மேலிடத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

எனக்குக் கவலை தருவது அதே பிரிவின் இன்னொரு வரி. திவாலாகி, அதிலிருந்து விடுபடாதவருக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லை. நம் குடும்பங்களில் தம்பியின் கடைக்கும் மைத்துனரின் லாரிக்கும் ஜாமீன் கையெழுத்துக் கேட்டு, வங்கியில் இருப்பவரிடம்தான் முதலில் வருவார்கள். போட்டிருந்தால் அந்தப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். ‘இனி வாங்கும் கடன்களுக்கும்’ என்ற வாசகம் இருந்தால், பழைய கடன் அடைந்த பிறகும் உங்கள் பொறுப்பு தொடரும். வாடிக்கையாளர் பத்திரத்தில் இதை நீங்கள் நொடியில் கண்டுபிடிப்பீர்கள். சொந்தப் பத்திரத்தை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. திவால் உத்தரவு வந்துவிட்டால், நீதிமன்றம் முன்னதாக விடுவித்தாலொழிய 10 ஆண்டுகள் கழித்துத்தான் தானாக நீங்கும். ஆகவே அந்த ஜாமீனிலிருந்து எழுத்தில் விடுதலை வாங்க இன்றே முயலுங்கள்.

அடுத்தது கட்சி. நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய சட்டமன்றத்தின் 400 இடங்களும் வாக்கு விகிதப்படி நிரப்பப்படுகின்றன. மக்கள் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். உள்ளே போவது யார் என்பதைக் கட்சிப் பட்டியலின் வரிசை தீர்மானிக்கிறது. 2024இல் முதன்முறையாகச் சுயேச்சைகளும் நின்றார்கள், ஒருவரும் வெல்லவில்லை. ஃபர்ஸ்ட்ராண்ட் வங்கிக் குழுமத்தின் தலைவர் பதவியை விட்டு வந்த ரோஜர் ஜார்டின், 2023 டிசம்பரில் புதுக் கட்சி தொடங்கினார். அது வாக்குச் சீட்டை எட்டாமலே விலகிக்கொண்டது. பத்திரிகை ஆசிரியராக இருந்து ஆப்சா வங்கியின் தகவல் தொடர்புப் பொறுப்புக்குப் போன சோங்கேசோ சிபி, அதன்பின் தொடங்கிய ரைஸ் ம்சான்சி கட்சி 2024இல் 2 இடங்களைப் பிடித்தது. அவர் பொதுக் கணக்குக் குழுவின் தலைவரானார். வங்கிப் பதவியின் மதிப்பு மேடைவரை கொண்டு போகும், வாக்குகளுக்கு வட்டாரக் கிளைகள் வேண்டும். ஆகவே மாலை நேரங்களையும் சனி, ஞாயிறுகளையும் உங்கள் வட்டாரக் கிளைக்குக் கொடுங்கள். கணக்குத் தெரிந்த ஆள் எந்தக் கிளைக்கும் தேவை. கட்சியைக் கவனமாகவும் தேர்ந்தெடுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரான பின் கட்சியை விட்டு விலகினால் அந்த இடமும் போய்விடும்.

பட்டியலில் வெல்லக்கூடிய இடம் உறுதியானதும் ராஜினாமாவைக் கொடுங்கள். பதவியேற்ற பின் பங்குகள், சொத்துகள், பிற வருமானம் எல்லாவற்றையும் நாடாளுமன்றப் பதிவேட்டில் அறிவிக்க வேண்டும். வங்கி உங்களுக்குக் கொடுத்த ஊழியர் பங்குகளும் அதில் அடங்கும்.