உங்கள் கிளினிக் காசநோய் சிகிச்சையில் 94 சதவீத வெற்றி காட்டியும் நோயாளிகள் மறுபடி வருவது ஏன்?

அந்த 94-ஐ முதலில் பிரித்துப் பாருங்கள். ‘குணமானவர்’, ‘சிகிச்சை முடித்தவர்’ இரண்டையும் கூட்டினால் வருவதுதான் சிகிச்சை வெற்றி. முடித்தவர் என்றால் மாத்திரைகளைக் கடைசிவரை சாப்பிட்டார், அவ்வளவுதான். கிருமி போனதற்குச் சளிப் பரிசோதனைச் சான்று இருக்காது.

கடைசி மாதச் சளி எடுப்பது விட்டுப்போகிறது என்பதே என் ஊகம். இருமல் நின்றபின் பலருக்குச் சளியே வராது. டப்பாவில் எச்சில்தான் இருக்கும், ஊழியரும் விட்டுவிடுவார்.

சரி, சோதிக்கும் வழி:

1. ஓராண்டுக்கு முந்தைய ஒரு காலாண்டில், சளியில் கிருமி உறுதியாகிச் சிகிச்சை தொடங்கிய எல்லோரையும் எடுங்கள். சிகிச்சைப் பதிவேட்டில் இரண்டாம் மாத, கடைசி மாதச் சளி முடிவு எழுதும் கட்டங்களில் எத்தனை காலி?

2. ஆய்வகப் பதிவேட்டைப் பக்கத்தில் வையுங்கள். அதில் கிருமி உண்டு என்றிருந்தும் சிகிச்சைப் பதிவேட்டில் பெயரே இல்லாதவர்கள் உங்கள் 94-இன் கணக்கிலேயே வரவில்லை. சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்களையும் யாராவது கணக்கிலிருந்து கழித்துவிட்டார்களா பாருங்கள்.

திரும்பி வந்த எல்லோரையும் கிளினிக்கின் தவறாக எண்ணாதீர்கள். சிலருக்குப் புதிதாகவும் தொற்றியிருக்கலாம். அப்புறம், குணமானதை உறுதிசெய்ய ஜீன்எக்ஸ்பர்ட் (கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை) வேண்டாம், அது செத்த கிருமியின் டிஎன்ஏவையும் காட்டும்.