விளக்கு வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமா? கேள்வி பதில்

ரங்கூனில் கண் சோதித்துக் கண்ணாடி கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. விளக்கு வெளிச்சம் பற்றி நம்மவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ரங்கூனிலிருந்து ஒரு தாய்: கரண்ட் இல்லாத ராத்திரிகளில் மகன் சார்ஜ் லைட்டில்தான் படிக்கிறான். அந்த வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடுமா அண்ணே?

கெடுக்காது அக்கா. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள், உச்சி வெயிலின் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். வீட்டு விளக்கின் கீழே சில நூறு லக்ஸ்தான் இருக்கும். பல்பு நேராகக் கண்ணில் படாமல் வெளிச்சம் புத்தகத்தின் மேல் விழும்படி வையுங்கள், போதும். மங்கிய வெளிச்சத்தில் படித்தால் கண் களைக்கும், தலை வலிக்கும், பார்வை போகாது. எனக்குக் கவலையெல்லாம் பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான். தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விளையாட விடுங்கள். கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறையும்.

பெகுவிலிருந்து: என் தம்பி வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். பகலில் வலி ஒன்றும் தெரியவில்லை. நடுராத்திரியில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் துடிக்கிறான். தாய்ப்பால் விடலாமா?

வேண்டாம், எதையும் விடாதீர்கள். நந்தியாவட்டைப் பூச்சாறும் வேண்டாம், கிருமி சேர்ந்துவிடும். வெல்டிங் பொறியில் வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டிருக்கிறது. வெயிலில் தோல் கன்றுவது போலத்தான் இதுவும். பல மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். கண்ணை மூடி ஈரத்துணி போடுங்கள், கசக்க விடாதீர்கள், காலையில் டாக்டரிடம் காட்டுங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கித் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழியே புண்ணாகிவிடும். பக்கத்தில் நின்று பிடித்துக்கொடுக்கும் பையனுக்கும் இதே ஆபத்து உண்டு. சாதாரணக் கூலிங் கிளாஸ் காப்பாற்றாது, இருவருக்கும் வெல்டிங் முகமூடி வேண்டும். இதை முதலாளியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

தாட்டோனிலிருந்து: போன் பார்க்க நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி வாங்கவா?

காசை மிச்சம் பிடியுங்கள். அந்தக் கண்ணாடியால் கண் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. போன் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது, எரிச்சல் அதனால்தான். அடிக்கடி இமையுங்கள், தூரத்தில் பாருங்கள். படுக்கும் நேரத்தில் போனைத் தள்ளி வையுங்கள், அந்த வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும்.

மௌல்மீனிலிருந்து: பேரன் பஜாரில் வாங்கிய பச்சை லேசர் லைட்டைக் கண்ணில் அடித்து விளையாடினான். வலியே இல்லை என்கிறான். விட்டுவிடலாமா ஐயா?

விடாதீர்கள் அம்மா. கண்ணுக்குள் பின்பக்கம் வெளிச்சத்தை உணரும் விழித்திரைக்கு வலி தெரியாது, சுட்டாலும் பிள்ளை அழமாட்டான். விழித்திரையில் விழும் அந்தச் சூடு ஆறாமலே போகலாம். லேசர் லைட்டின் மேலே ஒட்டியிருக்கும் சீட்டை நம்ப முடியாது, எழுதியிருப்பதைவிடப் பல மடங்கு சக்தியோடு விற்கிறார்கள். இன்றைக்கே ஒரு கண்ணை மூடிவிட்டுக் காலண்டரில் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு மறு கண். நடுவில் கறை தெரிந்தாலோ, கோடு வளைந்து தெரிந்தாலோ உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். சரியாகப் படித்தாலும் இந்த வாரத்திலேயே ஒருமுறை விழித்திரையைச் சோதித்துவிடுங்கள். போகும்போது அந்த லைட்டையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.