ஒட்டுறவு நன்றாக இருந்தும் திறன் எதிர்மறை: ஏன்?

கேள்வி: பைத்தானில் கிளிம்பிரெட் தொகுப்பைக் கொண்டு பருவகால மழை முன்கணிப்பைச் சோதிக்கிறேன். 24 ஆண்டு மறுகணிப்பு (கடந்த ஆண்டுகளுக்கு மாதிரியை ஓட்டிப் பெற்ற கணிப்பு), 10 உறுப்பினர் (சற்றே மாறுபட்ட 10 ஓட்டங்கள்; சேர்ந்து ஒரு குழுமம்). கணிப்புக்கும் அவதானிப்புக்கும் இடையே ஒட்டுறவு 0.6 வருகிறது. ஆனால் குறைவு, இயல்பு, அதிகம் என்ற மூன்று மழைப் பிரிவுகளுக்கான ஆர்.பி.எஸ்.எஸ். (RPSS: நிகழ்தகவுக் கணிப்பு வெறும் காலநிலைச் சராசரி வாய்ப்பைவிட எவ்வளவு மேல் என்று காட்டும் திறன் மதிப்பெண்) எதிர்மறை. கணக்கில் பிழையா?

பதில்: இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். ஏற்ற இறக்கம் பொருந்தினாலே ஒட்டுறவு உயரும். மாதிரி எப்போதும் 30 சதவீதம் கூடுதலாக மழை காட்டினாலும் ஒட்டுறவுக்குத் தெரியாது. முதலில் மூன்று பிரிவு எல்லைகளைப் பாருங்கள். அவதானிப்பின் எல்லைகளை மாதிரிக்கும் போட்டிருந்தால் அங்கேதான் சிக்கல். மாதிரிக்கு அதன் சொந்தக் காலநிலையிலிருந்து, தொடக்க மாதத்துக்கும் முன்னோட்டக் காலத்துக்கும் (கணிப்பு தொடங்கியதிலிருந்து எவ்வளவு காலம் கழித்து என்பது) தனித்தனியாக எல்லை எடுக்க வேண்டும். சோதிக்கும் ஆண்டை அந்தக் கணக்கிலிருந்து விலக்குங்கள்; விலக்காவிட்டால் திறன் பொய்யாக உயரும்.

அடுத்தது உறுப்பினர் எண்ணிக்கை. பலரும் கவனிக்காத இடம் இது. எந்தத் திறனும் இல்லாத, ஆனால் காலநிலைப் பரவல் சரியாக உள்ள குழுமம்கூட ஆர்.பி.எஸ்.எஸ்.-இல் சராசரியாகப் பூஜ்யம் பெறாது. 10 உறுப்பினரானால் −0.1, 25 ஆனால் −0.04. எனவே உறுப்பினர் எண்ணிக்கையின் விளைவைச் சரிசெய்த 'ஃபேர்' (fair) வடிவத்தையே பயன்படுத்துங்கள். மறுகணிப்பில் 25, நேரடிக் கணிப்பில் 51 என உறுப்பினர் மாறும் அமைப்புகளுக்கு இது கட்டாயம்.

கிளிம்பிரெட்டில் முன்னோட்டக் காலத்தைக் குறிக்கும் 'லீட்' (lead) அச்சுக்கு மாதம், நாள் என்ற அலகைக் குறித்தீர்களா? தவறான அலகு கொடுத்தால் தேதிகள் இடம்மாறிவிடும். முன்னோட்டக் காலங்களை ஒப்பிடும்போது 'சேம் வெரிஃப்ஸ்' (same_verifs) என்ற தேர்வை வைத்தால் எல்லாம் ஒரே ஆண்டுகளில் சோதிக்கப்படும்.