டிக்கெட் மேசையிலிருந்து: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டிலிருந்து வரும் சின்ன இசைக்குழுக்களுக்கு 18 வருடமாக நிகழ்ச்சி ஏற்பாடு செய்துவருகிறேன். 60 பேர், 150 பேர், மிஞ்சிப்போனால் 300 பேர் நிற்கிற ஹால்கள்தான் எனக்குப் பழக்கம். "பெயரே தெரியாத குழுவுக்கு டிக்கெட் விற்பதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை" என்று சென்ற இதழில் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கே இத்தனை கடிதங்கள்.

அக்கா, நாங்கள் ஐந்து பேர் கொண்ட குழு. ஸ்பாட்டிஃபை கணக்குப்படி வெளிநாட்டு நகரம் ஒன்றில் மாதம் 4,000 பேர் எங்களைக் கேட்கிறார்கள். அதை நம்பி அங்கே 400 பேர் கொள்ளும் ஹாலைப் பேசிவிட்டோம். இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. விற்றது 31 டிக்கெட். பத்தில் ஒருத்தர்கூடவா வரமாட்டார்கள்? — ஒரு கிடார் கலைஞர்

தம்பி, அந்த 4,000-ஐ முதலில் ஒதுக்கி வையுங்கள். கடந்த 28 நாளில் உங்கள் பாட்டை ஒரே ஒரு தடவை கேட்டவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார். யாரோ தொகுத்த பிளேலிஸ்ட்டில், அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் பாட்டு ஓடியிருக்கும். பாட்டு பிடித்திருக்கும், யார் பாடியது என்று பார்த்திருக்க மாட்டார். பெயர் தெரியாதவர் டிக்கெட்டை எப்படித் தேடுவார்? எத்தனை பேர் உங்களைப் பின்தொடர்கிறார்கள், எத்தனை பேர் பாட்டைச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். சாங்கிக், பேண்ட்ஸ்இன்டவுன் மாதிரியான செயலிகளில் உங்கள் குழுவைக் குறித்துவைத்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். "எங்கள் ஊருக்கு வந்தால் சொல்லுங்கள்" என்று அவர்களாகவே கேட்டுவைத்திருக்கிறார்கள். அந்த எண் 40 என்று வந்தாலும் மனம் தளர வேண்டாம். 4,000-ஐவிட அந்த 40-ஐ நம்பலாம்.

எனக்கு இது ஒரே ராத்திரியில் புரிந்தது. ஆரம்ப காலத்தில் நான்கு பேர் கொண்ட குழு ஒன்றை அழைத்து, 350 பேர் கொள்ளும் ஹாலை எடுத்திருந்தேன். வந்தது 63 பேர். கதவோரம் மேசை போட்டு நானே உட்கார்ந்தேன். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் "இந்தக் குழுவை எப்படித் தெரியும்?" என்று கேட்டு, ஒரு அட்டையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். போஸ்டர் பார்த்து வந்தவர்கள் 2 பேர். இணைய விளம்பரம் பார்த்து வந்தவர்கள் 5 பேர். 38 பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "எங்க அக்கார்டியன் டீச்சர் சொன்னாங்க." குழுவில் ஒருவர் அக்கார்டியன் வாசிப்பார். ஊரில் அக்கார்டியன் சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மா, அவர் வாசிக்கும் வீடியோவை வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கிறார். அவரை எனக்குத் தெரியாது, நான் அழைக்கவும் இல்லை. தன் காசில் டிக்கெட் வாங்கி, மூன்றாவது வரிசையில் மாணவர்களோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதம் நான் ஊரெல்லாம் ஓடிச் செய்யாததை அவர் ஒரு வகுப்பில் செய்துவிட்டார். இப்போதெல்லாம் யார் யார் வருவார்கள், யார் யாரை அழைத்துவருவார்கள் என்று பெயர்களை எழுதிப் பார்த்த பிறகுதான் ஹாலுக்கே ஃபோன் போடுவேன்.

சரி, உங்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது. இன்றைக்கே ஹாலைக் கூப்பிட்டு, சின்ன அறை ஏதும் உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் இருக்கும். அவர்களுக்கும் வெறிச்சோடிய கூடம் நஷ்டம்தான். இல்லையென்றால் கறுப்புத் திரையைக் குறுக்கே இழுத்து ஹாலைப் பாதியாக்கச் சொல்லுங்கள். 150 பேர் கொள்ளும் அறையில் 90 பேர் நின்றால் கச்சேரி களைகட்டும். அதே 90 பேர் 400 பேர் ஹாலில் சிதறி நின்றால், அடுத்த தடவை அவர்களே வரமாட்டார்கள்.

அடுத்து, அந்த ஊர்க் குழு ஒன்றை உங்களுக்கு முன்னால் வாசிக்க அழையுங்கள். நண்பர்களும் உறவுகளும் உள்ள குழுவாக இருக்கட்டும். அவர்களுக்குப் பணம் கொடுத்துவிடுங்கள். "மேடை கிடைக்கிறதே" என்று சொல்லிச் சும்மா வாசிக்க வைப்பது எனக்கு உடன்பாடில்லை. டிக்கெட்டுக்குத் தனி இணைப்பும் கொடுங்கள், அவர்கள் மூலமாக எத்தனை விற்றது என்று தெரியும். பிறகு ஏற்கெனவே வாங்கிய 31 பேருக்கும் புரோமோட்டர், அதாவது அங்கே நிகழ்ச்சியை ஏற்பாடு செய்பவர், மூலமாகத் தனித்தனியாக எழுதி, ஆளுக்கு ஒரு நண்பரை இலவசமாக அழைத்துவரச் சொல்லுங்கள். சலுகை கொடுப்பதென்றால் உங்களை முதலில் நம்பியவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

டிக்கெட் விலையை மட்டும் குறைத்துவிடாதீர்கள். உங்களை யாரென்றே தெரியாதவர் பாதி விலைக்கும் வரமாட்டார். முழு விலை கொடுத்தவர் மனம்தான் நோகும். விற்பனை பெரும்பாலும் முதல் சில நாளிலும் கடைசி வாரத்திலும்தான் நடக்கும், நடுவில் படுத்துவிடும். ஆகவே 31 உயரும். ஆனால் 400 ஆகாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டிக்கெட் விற்காவிட்டால் இலவசமாகக் கொடுத்து ஹாலை நிரப்பலாமா? — ஒரு கல்லூரி மாணவி

அள்ளி இறைக்காதீர்கள். காசு கொடுக்காதவருக்கு வராமல் இருப்பது சுலபம். மழை தூறினால் போதும், வீட்டிலேயே இருந்துவிடுவார். வந்தாலும், எதைக் கேட்க வந்தோம் என்று தெரியாமல் பின்னால் நின்று பேசிக்கொண்டிருப்பார், மேடையில் இருப்பவர்களுக்கு அது நன்றாகவே கேட்கும். அப்படி இரண்டு தடவை நடந்துவிட்டால் "அங்கே எப்படியும் சும்மா கொடுப்பார்கள்" என்று ஊரே காத்திருக்கும்.

பத்துப் பதினைந்து பேருக்குக் கொடுக்கலாம். அந்த அக்கார்டியன் டீச்சர் மாதிரி, இசைத்தட்டுக் கடைக்காரர், கல்லூரி ரேடியோவில் நிகழ்ச்சி நடத்துகிறவர், அந்தக் குழுவின் மொழியைச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர். இவர்களுக்குக் கடைசி நாளில் மிச்சத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஆறு வாரம் முன்னதாகவே, பெயர் எழுதி, கையில் கொடுங்கள்.

150 பேர் கொள்ளும் இடம் வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக் குழுவின் ஏஜென்ட் முழுத் தொகைக்கும் கியாரண்டி கேட்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? — புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் 20. சவுண்ட், விளம்பரம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து உங்கள் செலவு 1,500. அவர் கேட்கும் கியாரண்டி, அதாவது டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் குழுவுக்குக் கொடுத்தே ஆக வேண்டிய தொகை, 1,000. 125 டிக்கெட் விற்றால்தான் கைநஷ்டமில்லாமல் தப்புவீர்கள். நூறுதான் விற்றது என்றால் 500 போச்சு. அந்த 500 முழுக்க உங்கள் தலையில்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: கியாரண்டி 400, அதுவும் உங்கள் செலவும் போக மிஞ்சுவதில் குழுவுக்கு 80 சதவீதம். இப்போது 95 டிக்கெட்டில் தப்பித்துவிடுவீர்கள். 140 விற்றால் மிச்சம் 900. குழுவுக்கு அதில் 720, மொத்தம் 1,120. அவர் முதலில் கேட்டதைவிடக் கூடுதல். இதை ஏஜென்ட்டிடம் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். ஒத்துக்கொள்ளாதவரும் உண்டு. அவர்களை நான் வணக்கம் சொல்லி விட்டுவிடுவேன், ஒரு மோசமான ராத்திரி அடுத்த மூன்று நிகழ்ச்சியைச் சாப்பிட்டுவிடும்.

சொந்த ஊரிலேயே எங்களை யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் யார் டிக்கெட் வாங்குவார்கள்? — பெயர் வேண்டாம் என்ற பாடகி

அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகஸ் 1970-லும் 1971-லும் வெளியிட்ட இரண்டு ஆல்பங்களும் அவர் நாட்டில் விலைபோகவில்லை. டெட்ராய்ட்டில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவிலோ அவர் பாட்டு வீட்டுக்கு வீடு ஒலித்துக்கொண்டிருந்தது, அது அவருக்கே தெரியாது. 1998-ல் அங்கே போனபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அமெரிக்காவின் சீப் ட்ரிக் குழுவுக்கும் சொந்த நாட்டில் பெரிய பெயர் கிடைப்பதற்கு முன்பே, 1978 ஏப்ரலில் டோக்கியோவின் புடோகான் அரங்கில் ஜப்பானிய ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

இரண்டு இடத்திலும் ரசிகர்கள் முதலில் உருவானார்கள், கச்சேரி பிறகு நடந்தது. அதனால் "எந்த நாட்டுக்குப் போகலாம்" என்று வரைபடத்தை விரிக்காதீர்கள். உங்கள் பாட்டுக்குக் கீழே இரண்டு வரி எழுதியவர்கள், ஒரு ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தேடுங்கள். ஒரே ஊரில் ஐந்து பேர் கிடைத்தால் அவர்களுக்கு எழுதுங்கள். ஒருவராவது பதில் போடுவார்.

நான் வெறும் ரசிகை. எனக்குப் பிடித்த வெளிநாட்டுக் குழுவை எங்கள் ஊருக்கு வரவழைக்க முடியுமா? — ஒரு வாசகி

முடியும்மா, செய்திருக்கிறார்கள். 2010-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் நண்பர்கள் சிலர் ஸ்வீடனின் மைக் ஸ்னோ குழுவை வரவழைக்க ஆசைப்பட்டார்கள். வெளிநாட்டுக் குழுக்கள் ரியோவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த நேரம். ரசிகர்கள் முன்பணம் போட்டுச் செலவைத் திரட்டினார்கள். பிறகு மற்றவர்களுக்கு டிக்கெட் போதுமான அளவு விற்றால் முன்பணம் போட்டவர்களுக்குக் காசு திரும்பிவிடும் என்பது ஏற்பாடு. அந்த முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயர் கெரேமோஸ், போர்ச்சுகீசில் "எங்களுக்கு வேண்டும்" என்று அர்த்தம்.

இதில் எனக்குப் பிடித்தது, ஹாலைப் பேசுவதற்கு முன்பே யார் வருவார்கள் என்று தெரிந்துவிடுவது. நீங்களும் "விருப்பம்" போட்டவர்களை எண்ணாதீர்கள். விருப்பம் போட ஒரு நொடி போதும். சின்னத் தொகையாவது முன்பணம் கட்டியவர்களை எண்ணுங்கள். அறுபது பேர் சேர்ந்த பிறகு அந்தப் பட்டியலோடு குழுவின் ஏஜென்ட்டுக்கு எழுதினால், நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்.

விசா, வரி எல்லாம் டிக்கெட் விலையை எவ்வளவு பாதிக்கும்? — ஒரு வாசகர்

நிறையவே. அமெரிக்காவில் வெளிநாட்டுக் கலைஞரின் மொத்தச் சம்பளத்தில் 30 சதவீதத்தைப் பொதுவாக முதலிலேயே பிடித்துவிடுவார்கள். செலவைக் கழித்துக் கணக்கிட வேண்டுமானால் முன்கூட்டியே வரித்துறையோடு தனி ஒப்பந்தம் போட வேண்டும். ஜெர்மனியில் 15 சதவீதமும் அதன்மேல் கூடுதல் வரியும். அமெரிக்காவில் இசைக்குழுக்களுக்கான பி-1 (P-1) விசா மனுவின் கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் 460 டாலரிலிருந்து 1,015 டாலராக ஏறிவிட்டது, சிறிய நிறுவனம் மனுப் போட்டால் 510. டிக்கெட் 20 டாலர் என்றால் அந்த 1,015-க்கே 51 டிக்கெட் போய்விடும், கிடாரில் ஒரு தந்தியைத் தொடுவதற்கு முன்பே. அதனால் ஒரே ஒரு கச்சேரிக்காக விமானம் ஏறச் சொல்லாதீர்கள். பக்கத்து ஊர் ஏற்பாட்டாளர்களோடு பேசி ஐந்தாறு நாளைக் கோத்துக்கொண்டால் இந்தச் செலவு பங்காகப் பிரியும்.

போஸ்டரில் குழுவின் பெயரை அவர்கள் மொழியில் போடுவதா, நம் எழுத்தில் போடுவதா? — ஒரு போஸ்டர் ஓவியர்

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. இரண்டிலும் போடுங்கள், நம் எழுத்தில் பெரிதாக. வாயில் நுழையாத பெயரை ஒருவர் இன்னொருவரிடம் சொல்லமாட்டார், சொல்லாவிட்டால் டிக்கெட் நகராது.

ஒரு தடவை நிகழ்ச்சியன்று சாயங்காலம், சவுண்ட் செக் நடந்துகொண்டிருந்தபோதே ஒரு பெரியவர் கதவைத் தட்டினார். ரேடியோவில் அந்தக் குழுவைக் கேட்டிருக்கிறார். மூன்று ராத்திரி டிக்கெட் தளத்தில் தேடியும் கிடைக்கவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். அவர் தேடியதை எழுதிக் காட்டச் சொன்னேன். காதில் விழுந்தபடி சரியாகத்தான் எழுதினார். தளத்திலோ குழுவின் மொழியில் உள்ளபடி, எழுத்துக்குமேல் புள்ளியும் கோடுமாகப் பதிந்திருந்தார்கள். இவர் தட்டியது அதோடு பொருந்தவே இல்லை. அவருக்கு டிக்கெட் கொடுத்து உள்ளே அனுப்பினேன். இவரைப்போல் எத்தனை பேர் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்களோ என்பது இன்றும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு, பெயரை எப்படியெல்லாம் எழுத வாய்ப்பிருக்கிறதோ அத்தனையையும் டிக்கெட் பக்கத்தில் சேர்க்கச் சொல்லிவிடுகிறேன். குழுவினரையே பெயரைச் சொல்லவைத்துப் பத்து விநாடிப் பதிவு ஒன்றும் வாங்கி அந்தப் பக்கத்தின் தலையில் போடுகிறேன். நீங்களும் போஸ்டரை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கி, இரண்டு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, காதில் விழுகிறபடி எழுதுங்கள்.