அரைச் சால்

அன்புள்ள ஐயா,

நாட்டிங்ஹாம்ஷையரில், நியூவார்க் நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் ஊர் வரலாற்றைச் சிறு நூலாகக் கொண்டுவர விரும்புகிறார்கள். பேச்சுகளைப் பதிவுசெய்து தொகுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. ஆனால் கிடைப்பதெல்லாம் வெறும் நினைவுகள்தான். ரொட்டிக்கடை எங்கே இருந்தது, எந்தக் குளிர்காலத்தில் பனி ஜன்னல்வரை ஏறியது, பள்ளியில் யார் அடி வாங்கினார்கள். தொண்ணூறு வயது அம்மா ஒருவர் வயல்களைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. இதையெல்லாம் எப்படி வரலாறாக்குவது? ஆண்டு வரிசையில் எழுதுவதா, ஆள் வரிசையிலா? வெளியிலிருந்து வந்த நான் இதை எழுதலாமா?

ம.

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்விக்கு நேரம் செலவழிக்க மாட்டேன். ஊர்க்காரர்களே உங்களை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். எழுதுங்கள்.

ஆனால் ‘வெறும் நினைவுகள்’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? தேவாலயக் கோபுரம் எந்த நூற்றாண்டு, மாளிகை எந்தப் பிரபுவுடையது என்பதைச் சொல்லும் சிறுநூல்கள் இங்கிலாந்தில் ஏராளம். அவற்றில் உழுதவன் இருப்பதில்லை. உங்கள் புத்தகத்திலும் அவன் இல்லாமல் போகப்போகிறான் என்றால் அந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் லாக்ஸ்டன் என்ற கிராமத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குப் பக்கம்தான். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஆகவே நீங்கள் போனதில்லை. இது பெரிய குறை.

1604 முதல் 1914 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, பொதுவில் உழுத, மேய்த்த நிலங்களை வேலிக்குள் அடைத்தது. ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்கு. இன்று ரயில் ஜன்னலில் பார்த்து ‘என்ன அழகு’ என்கிறோமே, அந்தப் புதர்வேலிகளில் பல அப்படி நடப்பட்டவைதான். பசு ஒன்றைப் பொதுநிலத்தில் மேய்த்துப் பிழைத்தவன் கூலியாளானது அந்த வேலியால்.

லாக்ஸ்டன் தப்பித்தது. தெற்கு வயல், ஆலை வயல், மேற்கு வயல் என்று மூன்று பெரிய வயல்கள், நடுவில் வேலி கிடையாது. துண்டு துண்டாகப் பிரித்து உழுகிறார்கள். ஒன்றில் கோதுமை, ஒன்றில் இளவேனில் விதைப்பு, ஒன்றுக்கு ஓய்வு. அடுத்த ஆண்டு முறை மாறும். நவம்பர் கடைசியில் ஊர் நடுவர்கள் கோதுமை வயலைச் சுற்றிவந்து எல்லைக் கட்டைகளை அடித்து நிறுத்துவார்கள். எவராவது பொதுப் புல்வெளியையோ பாதையையோ உழுது தின்றிருந்தால் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் டவ்கோட் என்ற மதுவிடுதியில் ‘கோர்ட் லீட்’ என்ற பழைய ஊர் வழக்குமன்றம் கூடும், அபராதம் போடும். இன்றும் நடக்கிறது. 1952இல் மேன்வர்ஸ் பிரபு குடும்பம் இந்த ஊரை வேளாண்மை அமைச்சகத்துக்கு விற்றது; 1981இல் அரச எஸ்டேட்டுக்குப் போனது; 2020இல் மேன்வர்ஸ் குடும்பத்தின் பழைய தோர்ஸ்பி எஸ்டேட்டிடமே திரும்பியது. சொந்தக்காரர் எத்தனை முறை மாறினாலும் கட்டை அடிப்பது நிற்கவில்லை.

அங்கே வயதான விவசாயி ஒருவரோடு நடந்தேன். காலெல்லாம் களிமண். ஓரிடத்தில் நின்று, “பக்கத்துத் துண்டுக்காரனின் அப்பா வருஷா வருஷம் அரைச் சால் எங்கள் பக்கம் வருவார்” என்றார். அந்த ஆள் செத்து நாற்பது வருஷமாயிற்றாம். சொல்லும்போது இவருக்குக் குரல் நடுங்கியது. வரப்புத் தகராறைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நடுவர் முறை எதற்காகத் தோன்றியது, ஏன் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதை எந்த ஆய்வேட்டையும்விட அந்த அரைச் சால் எனக்குத் தெளிவாகச் சொன்னது. நீங்கள் அதை வெறும் நினைவு என்பீர்களா?

லாக்ஸ்டனுக்கு 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த வரைபடம் உண்டு, ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக, அவற்றின் நடுவே உழுகிற, அறுக்கிற சின்னச்சின்ன மனிதர்கள். வரைபடக்காரனுக்கு இருந்த கரிசனம் நமக்கு வேண்டாமா?

உங்கள் ஊரின் மேய்ச்சல் நிலங்களைச் சாய்வெயிலில் பாருங்கள். மேடும் பள்ளமுமாக அலையலையாகத் தெரிந்தால் பழைய உழவு அது. கோடுகள் நேராக இருக்காது, நீட்டி இழுத்த எஸ் போல வளையும். எட்டு மாடுகள்வரை பூட்டிய ஏரை வரப்போரத்தில் சட்டென்று திருப்ப முடியாது. முன்கூட்டியே வளைக்க வேண்டும். மாடு திரும்பிய வளைவு நூற்றாண்டுகளாகப் புல்லுக்கடியில் கிடக்கிறது.

அந்தத் தொண்ணூறு வயது அம்மாவிடம் முதலில் போங்கள். கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். மாவட்ட ஆவணக் காப்பகத்தில் உங்கள் ஊரின் தசமபாக வரைபடமோ, வேலியடைப்பு வரைபடமோ இருக்கிறதா என்று கேளுங்கள். விளைச்சலில் பத்தில் ஒன்றைத் தேவாலயத்துக்குக் கொடுப்பதுதான் தசமபாகம். 1836ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பணமாக மாற்றியபோது வரைந்தவற்றில் ஒவ்வொரு வயலுக்கும் எண் உண்டு. கூடவே இருக்கும் பட்டியலில் உடைமையாளர், பயிரிட்டவர், பெரும்பாலும் வயலின் பெயரும் இருக்கும். பிரதியெடுத்து அவர் மேஜையில் விரியுங்கள். பெயரைச் சொல்லி, ‘இங்கே யார் உழுதார்கள், வாசல் எந்தப் பக்கம், யாருக்கு யாரோடு சண்டை?’ என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் பேசுவதைப் பதிவுசெய்யுங்கள்.

அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். அவருக்குத் தொண்ணூறு வயது. ஆண்டு வரிசையா, ஆள் வரிசையா என்பதை அதற்குப் பிறகு எழுதிக் கேளுங்கள்.